முன்சக்கரத்துக்கு ஒரு பங்கு

அமெரிக்க நெடுஞ்சாலை ஓய்விடங்களில், பயண டிரெய்லரை இழுத்து வந்து நிற்கும் பிக்கப் வண்டிகளுக்குப் பின்னால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். டிரெய்லர் மூக்கின் இரண்டு பக்கமும் கறுப்பு வண்ணம் பூசிய இரண்டு எஃகுக் கம்பிகள் ஓடி, ஆளுக்கொரு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கும். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்பது அதுதான். பிக்கப்புக்கென்றே செய்த சாமான் என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். நான் ஒப்புக்கொள்வதில்லை. பிக்கப் இந்தக் கடைக்குப் பிந்தி வந்த வாடிக்கையாளர். இது பிறந்தது குடும்பக் காருக்காக. வீட்டு வாசலில் நின்ற காரை வைத்தே ஒரு வீட்டையும் இழுத்துப் பார்க்கலாம் என்று ஒரு தலைமுறை ஆசைப்பட்டது. அந்த ஆசைக்குக் காரின் பின்புறம் தாழ்ந்துபோனது. அதைச் சரிக்கட்ட வந்தவை இந்தக் கம்பிகள்.

மிச்சிகனில் வண்டிகளுக்கு சஸ்பென்ஷன் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கோடை வந்தால் அரை டன் பிக்கப் ஒன்றில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு நானும் மனைவியும் கிளம்பிவிடுவோம். அதனால் இந்தக் கம்பிகளின் கதையில் எனக்குத் தொழில் அக்கறையும் உண்டு, உயிர் அக்கறையும் உண்டு.

எங்கள் ஊர்ப் பக்கம் மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றும்போது பெரியவர்கள் ஒரு கண் நுகத்தடி மேலேயே வைத்திருப்பார்கள். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து அமுங்கும். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு இறுக்கும். டிரெய்லரிலும் கணக்கு இதுவேதான். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை மூக்கில் முன்பாரமாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், வேகம் எடுத்ததும் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பித்துவிடும்.

ஆக, முன்பாரம் இல்லாமல் தீராது. அது இறங்குகிற இடத்தில்தான் வில்லங்கம். வண்டியின் பின் அச்சுக்கும் பின்னால், நாலைந்து அடி தள்ளி நீட்டிக்கொண்டிருக்கும் ஹிட்ச் குண்டின் மேல் அது இறங்குகிறது. பின் அச்சை நடுவாக வைத்து வண்டி ஏற்றப்பலகை போலச் சாய்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பாரம் 700 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 318 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 145 அங்குலம். பின் அச்சிலிருந்து குண்டு 60 அங்குலம் பின்னால். இந்த வண்டியில் முன் சக்கரங்களிலிருந்து ஏறக்குறைய 290 பவுண்டு எழும்பிவிடும். பின் அச்சில் 700 அல்ல, 990 பவுண்டு கூடும். திருப்புவதும் பிரேக்கில் பெரும்பங்கும் முன் சக்கரங்களின் வேலை. அவற்றின் பிடி தளர்ந்தால் ஸ்டீயரிங் மிதக்கும். இரவில் ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும்.

கம்பிகள் செய்வது இதற்கு எதிர்வேலை. ஹிட்ச் தலையிலிருந்து பின்னோக்கிப் போகும் அந்த ஸ்பிரிங் பார்களின் நுனியைச் சங்கிலியால் மேலே இழுத்து டிரெய்லரின் ஃபிரேமில் பூட்டுகிறோம். வளைந்த எஃகு நிமிரப் பார்க்கிறது. அந்த விசை ஹிட்ச் தலையைத் திருகி, வண்டியின் முன்பக்கத்தைக் கீழே அழுத்துகிறது. மேலே சொன்ன வண்டியில் முன் அச்சு இழந்ததில் பாதியை, 145 பவுண்டைத் திருப்பிக் கொடுத்தால், டிரெய்லரின் அச்சும் ஒரு நூறு பவுண்டு போல ஏற்றுக்கொள்ளும். பின் அச்சுக்கு 250 பவுண்டு போலப் பாரம் குறையும். மொத்த எடையில் ஒரு பவுண்டு கூடக் குறைந்திருக்காது. மூன்று அச்சுகளும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இந்தப் பங்கீட்டுக்கு ஆரம்பத்தில் தேவையே இருக்கவில்லை. 1914-ல் டெட்ராய்ட்டில் ஃபிரடெரிக் சிப்லி என்ற மர வியாபாரி தன் படகை ஏரிக்குக் கொண்டுபோக வழி கேட்டு, ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் வந்தார். சிப்லியிடம் இருந்தது ஃபோர்டு மாடல் டி. அதன் பின்னால் மாட்ட ஒரு டிரெய்லரை ஃப்ரூஹாஃப் செய்து கொடுத்தார். அது நன்றாக ஓடவே, மரம் ஏற்றவும் ஒன்று வேண்டும் என்று சிப்லி திரும்பி வந்தார். பிற்காலத்தில் அமெரிக்கச் சரக்குப் போக்குவரத்தையே சுமந்த ஃப்ரூஹாஃப் நிறுவனம் அங்கே தொடங்கியது. அதே தசாப்தத்தின் கடைசியில், 1919-ல், ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்து டி சோட்டோ பூங்காவில் கூடாரமடித்த கார் பயணிகள் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்திருந்தால் நம்மாள் என்று அடையாளம். அவர்கள் இழுத்தவை பெரும்பாலும் கூடாரத் துணியும் மெல்லிய பலகையுமான சின்னப் பெட்டிகள். அந்தக் கார்களின் ஸ்பிரிங்கோ வண்டிப் பட்டை போல விறைப்பானது. சாலையில் முப்பது மைல் வேகமே பெரிய வேகம். முன்பாரம் யாரையும் உறுத்தவில்லை.

உறுத்த ஆரம்பித்தது, பெட்டி வீடாக மாறியபோது. ஆர்தர் ஷெர்மன் என்பவர் மிச்சிகனில் மருந்து நிறுவனம் நடத்திய நுண்ணுயிரியல் நிபுணர். 1929-ல் அவர் வாங்கிய மடக்குக் கூடார டிரெய்லரை விரிப்பதற்குள் குடும்பமே நனைந்துவிட்டது என்பார்கள். வெறுத்துப்போய் கெட்டியான சுவரும் கூரையும் வைத்துத் தானே ஒன்றைச் செய்யவைத்தார். ‘கவர்டு வேகன்’ என்று பெயர். 1936 வாக்கில் நாட்டிலேயே பெரிய டிரெய்லர் உற்பத்தியாளர் அவர்தான். கலிஃபோர்னியாவில் கிளைடர் விமானம் வடிவமைத்த ஹாலி போலஸ் 1934-ல் அலுமினியத் தகட்டில் ‘ரோடு சீஃப்’ செய்தார். வாலி பையம் அந்த வழியைப் பிடித்துக்கொண்டு 1936-ல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரைக் கொண்டுவந்தார். இன்னும் இருபது வருஷத்தில் பாதி அமெரிக்கா டிரெய்லரில்தான் குடியிருக்கும் என்று பொருளாதார ஜோசியர் ரோஜர் பாப்சன் அப்போது ஆரூடம் சொன்னார். ஜோசியம் பலிக்கவில்லை. ஆனால் அப்போதிருந்த ஜுரம் எவ்வளவு என்று அதில் தெரிகிறது.

இந்தக் காலத்திலேயே ஒருவர் வேரில் கை வைத்தார். விமான முன்னோடி கிளென் கர்ட்டிஸ். 1920களின் கடைசியில் அவர் கொண்டுவந்த ஏரோகாரில் டிரெய்லரின் மூக்கு காரின் பின்னால் தொங்கவில்லை. காருக்குள்ளேயே, பின் அச்சுக்கு மேலே, படுக்கப்போட்ட ஒரு காற்று டயரின் நடுவில் இறங்கி உட்கார்ந்தது. பாரம் அச்சின் தலைமேல் இறங்குவதால் முன்பக்கம் எழும்பாது. குலுக்கலை டயர் வாங்கிக்கொள்ளும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதைவிட நேர்த்தியான விடை இன்றுவரை இல்லை. பிக்கப்பின் தொட்டியில் மாட்டுகிற இன்றைய ஃபிஃப்த் வீல் டிரெய்லரும் இதன் பங்காளிதான். ஆனால் காரைக் கீறி அதற்குள் இடம் ஒதுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தேவாலயத்துக்குப் போகும் காரில் யார் அதைச் செய்வார்கள்? ஏரோகார் பணக்காரர்களின் சவாரியாக நின்றுபோனது. சாமானியர்கள் பம்பரிலும் ஃபிரேமிலும் குண்டைப் பொருத்திப் பின்னால் தொங்கவிட்டே இழுத்தார்கள்.

போர்க்காலத்தில் அலுமினியம் விமானத்துக்குப் போய்விட்டதால் ஏர்ஸ்ட்ரீம் கடையைக் கட்டியது. போர் முடிந்ததும் எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்தன. சம்பளத்தோடு விடுப்பு, புதிய சாலைகள், நீளமும் கனமும் கூடிய டிரெய்லர்கள். ஆனால் கார்கள் எதிர்த்திசையில் போயிருந்தன. 1950களின் அமெரிக்க சிடான் சோபா போல மெத்தென்று மிதக்க வேண்டும் என்பது விற்பனையாளர்களின் வேதம். சோபாவின் பின்னால் வீட்டைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? பம்பர் தரையைத் தேய்த்தது. முகப்பு ஆகாயத்தைப் பார்த்தது.

முதலில் செய்த வைத்தியம் உபரி ஸ்பிரிங். பிறகு காற்றடைத்த ஷாக் அப்சார்பர். என் தொழிற்சாலைக் காலத்திலும் இதில் ஏமாந்த வாடிக்கையாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பின்புறம் நிமிர்ந்துவிடும், வண்டி மட்டமாகத் தெரியும், காரியம் முடிந்தது என்று நினைப்பார்கள். உயரம் சரியாவது வேறு, பாரம் சரியாவது வேறு. ஸ்பிரிங்கை எவ்வளவு விறைப்பாக்கினாலும் முன் அச்சிலிருந்து போன 290 பவுண்டு திரும்ப வராது. சிலர் டிரெய்லர் மூக்குக்குக் கீழே ஒரு தனிச் சக்கரத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். அது பாரத்தை வாங்கிக்கொண்டது, கூடவே தானும் ஒரு தொல்லையானது.

இதற்கு மாற்றாகப் பரவியதுதான் ‘ஈக்வலைஸர்’ என்று அன்று அழைத்த கம்பி ஹிட்ச். டிரெய்லர் தொழிலுக்கே தலைநகரான இண்டியானாவின் எல்க்ஹார்ட்டில் 1952-ல் தொடங்கிய ரீஸ் நிறுவனத்தின் பெயர், பிறகு இந்தச் சாமானுக்கே பெயர் போலாகிவிட்டது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இளமையில் ஹிட்ச் கடையில் வெல்டராக இருந்தவர். அன்றைக்கு ரெடிமேட் கிடையாதாம். கார் ஒவ்வொன்றையும் தூக்கி நிறுத்தி, ஃபிரேமை அளந்து, இரும்பை வெட்டிப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். காரோடு ஹிட்சும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும் என்பார். பின்னால் சதுரக் குழாயில் சொருகி முள்ளைப் போட்டுவிடும் இன்றைய ரிசீவர் வந்த பிறகுதான் அந்த வெல்டர்களுக்கு வேலை போனது.

அந்தக் காலத்து மனநிலையை 1954-ல் வந்த ‘தி லாங், லாங் டிரெய்லர்’ படத்தில் பார்க்கலாம். லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் புதுமணத் தம்பதி. மெர்க்குரி கன்வெர்ட்டிபிளில் 36 அடி நியூ மூன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறார்கள். போகிற ஊரிலெல்லாம் நினைவுக்கென்று மனைவி பாறாங்கல் பொறுக்கி டிரெய்லருக்குள் சேர்க்கிறாள். மலையேறுவதற்கு முன் எல்லாவற்றையும் தூக்கிப்போடச் சொல்கிறான் கணவன். அவள் ஒளித்துவைக்கிறாள். நகைச்சுவைதான். ஆனால் படம் பார்த்தவர்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்துதான் சிரித்திருப்பார்கள். எங்கள் டிரெய்லரிலும் வார்ப்பு தோசைக்கல், கிரைண்டர், இருபது பவுண்டு அரிசி மூட்டை என்று முன் அலமாரியில் ஏறிக்கொண்டே போகும். “கொஞ்சம் குறைச்சுக்கலாமே” என்று ஆரம்பித்தால், “ஏங்க, அந்த இரும்புக் கம்பியை எதுக்குத்தான் மாட்டுறீங்க?” என்று பதில் வரும்.

மாட்டுவது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரத்து மட்கார்டு விளிம்பிலிருந்து தரைக்கு எவ்வளவு என்று அளக்கிறோம். மாட்டியபின் கம்பியைப் பூட்டாமல் ஒரு தடவை, பூட்டிய பிறகு ஒரு தடவை. சங்கிலியில் எந்தக் கண்ணியைக் கொக்கியில் போடுவது என்பதை அந்த அளவு சொல்லும். பூட்டுவதற்கு முன் டிரெய்லரின் ஜாக்கியைச் சுற்றி மூக்கையும் பிக்கப்பின் வாலையும் சேர்த்தே உயர்த்திவிட்டால் கம்பி தளர்ந்து கொடுக்கும். சோம்பல்பட்டு அப்படியே நெம்பினால் ஆபத்து. சங்கிலித் தாங்கியைத் திருப்ப ஒரு நீளக் குழாய் உண்டு. இழுவிசையில் கை தவறினால் அந்தக் குழாய் முழு வேகத்தில் திரும்பி வரும். அதனால் அதன் பாதையில் முகத்தை வைக்கக் கூடாது. தாங்கி செங்குத்தாக நிமிர்ந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு பாதுகாப்புக்கு ஒரு முள்.

மறுபடி கதைக்கு வருவோம். 1951 டிசம்பரில் ஏர்ஸ்ட்ரீமின் வாலி பையம் மத்திய அமெரிக்காவுக்கு ஒரு டிரெய்லர் ஊர்வலத்தை அழைத்துப் போனார். கிளம்பியவை 63 டிரெய்லர்கள். நிகரகுவாவின் மனாகுவா வரை தாக்குப்பிடித்தவை 14. 1959-ல் கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை ஆப்பிரிக்காவின் நீளத்தையே அளந்த ஊர்வலத்தில் பல பேர் காரை விட்டுவிட்டு பிக்கப்புகளோடு வந்திருந்தார்கள். பாதை கெட்டால் கார் தாங்காது என்பது ஊர்வலக்காரர்களுக்கு முன்கூட்டியே புரிந்துவிட்டது. ஆனால் நல்ல தார்ச்சாலை கிடைத்த அமெரிக்கக் குடும்பம் அதற்குப் பிறகும் ஸ்டேஷன் வேகனிலேயே இழுத்துக்கொண்டிருந்தது. பெரிய எஞ்சின், நீண்ட ஃபிரேம், பின்னால் கம்பி ஹிட்ச். போதுமாக இருந்தது.

அதை முடித்துவைத்தது பெட்ரோல். 1973-ல் எண்ணெய்த் தடை. 1975-ல் எரிபொருள் சிக்கனச் சட்டம். 1977-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய கார்களைச் சில நூறு பவுண்டு இளைக்கவைத்தது. அடுத்து முன்சக்கர இயக்கம் வந்தது. பின்னால் தொங்கும் பாரம் இயக்கும் சக்கரத்தையே தூக்கிவிடும் என்றால் இழுப்பது எப்படி? சட்டம் இலகு லாரிகளுக்கு வேறு அளவுகோல் வைத்துக் கொஞ்சம் தயவு காட்டியிருந்தது. டிரெய்லர் வைத்திருந்த குடும்பங்கள் அந்தப் பக்கம் நகர்ந்தன. விவசாயிக்கும் கொத்தனாருக்கும் உரிய பிக்கப் இப்படித்தான் குடும்ப வண்டியானது. கம்பி ஹிட்சும் அதோடு சீதனமாகப் போய்ச் சேர்ந்தது. இன்றும் பல அரை டன் பிக்கப்புகளின் ரிசீவரில் ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு வரி இருக்கும். வெறும் குண்டில் சுமந்தால் இவ்வளவு, பாரத்தைப் பகிர்ந்தால் இவ்வளவு. முதல் வரியில் 5,000 பவுண்டு டிரெய்லர், 500 பவுண்டு முன்பாரம் என்று இருப்பது சகஜம். அதற்கு மேல் இழுக்க வேண்டுமானால் கம்பி கட்டாயம்.

ஆட்டத்தை நிறுத்துவது வேறு வேலை. பாரத்தைப் பகிர்வதாலேயே டிரெய்லர் ஆடாமல் இருந்துவிடாது. அதற்காக முதலில் உராய்வுப் பட்டை ஒன்றைப் பக்கத்தில் பொருத்தினார்கள். ரீஸ் நிறுவனம் கம்பியின் நுனியையே கேம் என்ற வளைந்த துண்டின் மேல் உட்காரவைத்து, நேராக ஓடும்போது பிடித்துக்கொள்ளவும் வளைவில் விட்டுக்கொடுக்கவும் செய்தது. 1990களில் மிச்சிகனில் ஜிம் ஹென்ஸ்லியின் வடிவமைப்பு வந்தது. பல இணைப்புத் தண்டுகளைக் கோத்து, டிரெய்லர் திரும்பும் மையத்தைப் பின் அச்சின் பக்கமாக முன்னால் நகர்ந்தது போல ஆக்கியது அது. கர்ட்டிஸ் காரைக் கீறிச் சாதித்ததை இவர் காரைத் தொடாமல் நெருங்கினார் என்பேன்.

ஐரோப்பாவில் இந்தக் கம்பிகளைத் தேடினாலும் கிடைக்காது. அங்கே டிரெய்லரின் அச்சை நடுவுக்குப் பக்கத்தில் வைத்து, முன்பாரத்தை நூறு கிலோவுக்குள் அடக்கிவிடுகிறார்கள். ஜெர்மனியில் டிரெய்லர் வண்டிக்கு 80 கிலோமீட்டர்தான் வேகம், தனி அனுமதி பெற்றால் 100. டிரெய்லரின் பிரேக்கும், மூக்கு உள்ளே நழுவி அழுத்துவதால் வேலை செய்வது. கம்பியைப் பூட்டினால் நழுவுவது தடைபடும். வேகத்தை விட்டுக்கொடுக்க அவர்கள் சம்மதித்தார்கள். அமெரிக்கர்கள் சம்மதிக்கவில்லை. முன்பாரத்தின் பளுவில் பாதிக்கு இதுதான் காரணம்.

விளம்பரத்தில் ஆளுக்கொரு இழுவை எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்த பிக்கப் நிறுவனங்களை ஒரே தராசில் நிறுத்த, 2008-ல் எஸ்ஏஈ பொறியாளர் சங்கம் ஜே2807 என்ற தரவிதியை வெளியிட்டது. அரிசோனாவின் டேவிஸ் அணையிலிருந்து 11.4 மைல் மேடு. குளிர்சாதனத்தை முழு வீச்சில் ஓடவிட்டு, நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், சாதாரண பிக்கப் 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். ஓட்டுநரும் உடன் வருபவரும் தலைக்கு 150 பவுண்டு என்று கணக்கு. இதை என் மனைவியிடம் படித்துக் காட்டியபோது, “உங்களுக்கு அந்த எண் பொருந்தாதே” என்றாள். டொயோட்டா 2011 மாடல்களுக்கே இந்த விதியை ஏற்றது. டெட்ராய்ட்டின் மூன்று நிறுவனங்களும் அரை டன் பிக்கப்புகளில் ஏற்க 2015 மாடல் வரை ஆனது.

இதே காலத்தில் இன்னொரு மாற்றம் ஓசைப்படாமல் கையேடுகளில் நுழைந்தது. முன் சக்கரம் இழந்த பாரம் முழுவதையும் திருப்பிக் கொடு, வண்டி மட்டமாக நிற்கட்டும் என்பதுதான் பழைய வேதம். இப்போது பல பிக்கப்புகளின் கையேடு பாதி போதும் என்கிறது. முன்னே அளவுக்கு மீறி அழுத்தினால் பின் சக்கரத்தின் பிடி குறையும். திடீரென்று ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டியின் வால் வெளியே ஓடப் பார்க்கும். மெத்தென்ற சிடான் தாழ்ந்தே போகும், அதற்கு முழுப் பங்கு தேவைப்பட்டது. விறைத்த ஸ்பிரிங் உள்ள பிக்கப்புக்கு அந்தப் பழைய அளவு மிகை. சிடான் காலத்து வழக்கத்தை அப்படியே பிக்கப்பில் மாட்டி, மட்டமாக நிற்கும்வரை சங்கிலியை இறுக்குபவர்களை முகாம்களில் இப்போதும் பார்க்கிறேன். கையேட்டைப் பிரித்தால் ஒரே பக்கத்தில் தீர்ந்துவிடும்.

உறுதிப்படுத்திக்கொள்ள வழியும் உண்டு. லாரிக்காரர்களுக்காக 1977-ல் அயோவாவில் தொடங்கிய கேட் ஸ்கேல் எடைமேடைகள் இன்று நாடு முழுக்க இருக்கின்றன. முன் அச்சு ஒரு மேடையில், பின் அச்சு இன்னொன்றில், டிரெய்லர் மூன்றாவதில். கம்பி பூட்டி ஒரு தடவை, அவிழ்த்து ஒரு தடவை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை. கையில் வரும் சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்பது பச்சையாகத் தெரிந்துவிடும்.

புதிதாக டிரெய்லர் வாங்கும் நம் பிள்ளைகள் என்னிடம் எந்த ஹிட்ச் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் தாளை முதலில் படிக்கச் சொல்வேன். ஆட்களும் சாமானும் சேர்த்து இந்த வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று அதில் இருக்கும். முன்பாரமும் ஹிட்சும் அந்தக் கணக்கில்தான் சேரும். பன்னிரண்டாயிரம் பவுண்டு இழுக்கும் என்று விளம்பரம் பெருமையடித்த பிக்கப், நாலு பேரும் முன்பாரமும் ஏறியதும் அந்தத் தாளைத் தாண்டிவிடுவது உண்டு. கம்பிகள் பங்கு பிரித்துக் கொடுக்கும், தாளில் இருக்கும் எண்ணைக் கூட்டிக் கொடுக்காது. தாளைப் படித்து, கணக்கு இடித்தால் சின்ன டிரெய்லராகப் பார் என்பேன். பாதிப் பேர் கேட்கிறார்கள். மீதிப் பேர் பெரிய பிக்கப் வாங்கப் போகிறார்கள்.